முகம் காணாப் புரவலர்கள்

புறநானூற்றின் 208ஆம் பாடலை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு முறையும் நாம் சற்றுத் தயங்கி நின்றுவிடுவதுண்டு. பெருஞ்சித்திரனார் மலையும் காடும் கடந்து அதியமானிடம் வந்திருக்கிறார். மன்னனோ அவரை நேரில் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் ஏற்க மறுக்கிறார். தாம் பொருளுக்காகப் பாடும் வணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவது தினையளவே ஆயினும் தமக்கு இனியது என்றும் சொல்லிவிடுகிறார். பசியோடு வந்தவர் இப்படிச் சொன்னார் என்பதை மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இன்று இணையத்தில் பாடியும் வரைந்தும் வாழ முயலும் கலைஞர்களுக்குப் பரிசில் தருவோர் அனைவரும் முகம் காணாதவர்களே.

இவ்வகைத் தளங்களுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்று, புரவலரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே தன் பெயரை ஆக்கிக்கொண்டது. பேட்ரியான் என்ற அத்தளம் 2013 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஆனால் அதன் வேர் மூன்று நூற்றாண்டுகள் பழையது. அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியட்டை ஆங்கிலத்தில் பெயர்க்க முனைந்தபோது எந்தப் பிரபுவின் வாயிலிலும் போய் நிற்கவில்லை. கையொப்பக்காரர்களைத் திரட்டினார். 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகள். தொகுதிக்கு ஒரு கினி. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர்கள் பெயர்கள் நூலிலேயே அச்சேறின. போப் கத்தோலிக்கர் என்பதால் அரசுப் பதவிகளின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. அவரைத் தன் காலில் நிற்கச் செய்தது இந்தக் கையொப்பப் பட்டியல்தான். நம் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோதும் கையொப்பமிட்டோரின் துணையையே நாடினார் என்பது இங்கு நினைவுக்கு வராமல் போகாது.

கையொப்பம் எப்போதும் கைகொடுத்ததாகவும் சொல்லிவிட முடியாது. 1784இல் மொசார்ட் வியன்னாவில் நடத்திய இசை நிகழ்ச்சிகளுக்குக் கையொப்பமிட்டோர் 174 பேர். அப்பட்டியலைத் தந்தைக்குப் பெருமிதத்தோடு அனுப்பிவைத்தார். நான்கே ஆண்டுகளில், 1788இல், மூன்று இசைப் படைப்புகளுக்குக் கையொப்பம் வேண்டி விளம்பரம் செய்தார். ஆள் சேரவில்லை, தவணையை நீட்டியும் பயனில்லை. அவருடைய கலை அந்நான்கு ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை என்பதை இசையறிந்தோர் சொல்வார்கள். நகரத்தின் கவனம்தான் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

இணையம் வந்ததும் இந்தப் பழைய முறை மீண்டும் தலையெடுத்தது. 1997இல் மரில்லியன் என்ற ஆங்கிலேய இசைக்குழு அமெரிக்கப் பயணத்துக்குப் பணமின்றி நின்றபோது, ரசிகர்களே மின்னஞ்சல் வழி ஒன்றுகூடி ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டினர். குழுவினர் கேட்டுத் திரட்டிய பணம் அன்று அது. ரசிகர்கள் தாமே முன்வந்து திரட்டியது. 2001இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் பதிவே செய்யப்படாத ஓர் இசைத்தொகுப்புக்கு முன்பணம் செலுத்தினர். பின்னர் 2009இல் கிக்ஸ்டார்ட்டர் வந்தது. 2012இல் அமாண்டா பாமர் ஒரு லட்சம் டாலர் கேட்டு, ஏறத்தாழ 25,000 பேரிடமிருந்து சுமார் 12 லட்சம் டாலர் பெற்றார். அவரே அவ்வாண்டு தம் நிகழ்ச்சிகளில் ஊதியமின்றி வாசிக்க உள்ளூர்க் கலைஞர்களை அழைத்துக் கண்டனத்துக்கு ஆளாகி, பிறகு ஊதியம் தர இசைந்தார். பரிசில் பெற்றவர் பரிசில் தருபவராக மாறும் இடத்தில் எல்லாக் காலத்திலும் ஓர் இடறல் இருக்கவே செய்கிறது.

பேட்ரியானைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜாக் கோண்டி ஓர் இசைக்கலைஞர். மனைவி நடாலி டானுடன் பாம்பிளமூஸ் என்ற இருவர் குழுவை நடத்தியவர். ஒரு காணொளிக்காக 'ஸ்டார் வார்ஸ்' படத்து விண்கலத்தின் உட்புறத்தைத் தம் கையாலேயே கட்டியெழுப்பினார். மாதக்கணக்கான உழைப்பும், கடன் அட்டைகளில் ஏறிய சுமார் 10,000 டாலரும் அதில் கரைந்தன. யூடியூபில் அவருடைய காணொளிகளை 28 நாட்களில் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். விளம்பரப் பங்காக அவருக்கு வந்தது 166 டாலர். அந்தக் கணக்கை அவரே பின்னாளில் மேடையில் திரையிட்டுக் காட்டினார்.

166 டாலர் என்பது ஏமாற்று அன்று. விளம்பரக் கணக்கு அப்படித்தான் நடக்கிறது. விளம்பரம் தருபவர் விலை கொடுப்பது பாட்டுக்கு அன்று, பார்க்கும் கண்களுக்கு. கண்களின் எண்ணிக்கை கோடிகளில் பெருகும்போது ஒரு கண்ணின் விலை காற்காசுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கோண்டியும் அவருடைய கல்லூரித் தோழர் சாம் யாமும் கணக்கைத் திருப்பிப் போட்டனர். பத்து லட்சம் பேர் வேண்டாம். மாதம் ஒரு டாலரோ ஐந்து டாலரோ தர மனமுவந்த சில நூறு பேர் போதும். கெவின் கெல்லி 2008இல் எழுதிய கட்டுரையொன்று இதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது: ஆண்டுக்கு 100 டாலர் தரும் ஆயிரம் மெய்யான ரசிகர்கள் இருந்தால் ஒரு கலைஞர் வாழ்ந்துவிடலாம் என்றது அது. அந்த ஆயிரம் பேரைச் சேர்க்கும் வரை கலைஞர் எதை உண்டு வாழ்வது என்ற கேள்வி நமக்கு எழுகிறது.

தொடக்கத்தில் தளத்தின் பங்கு 5 விழுக்காடு. 2019இல் புதிதாகச் சேர்வோர்க்கு 8, 12 என்ற படிநிலைகளும் வந்தன. 2025 ஆகஸ்டிலிருந்து புதியவர்களுக்கு 10. ஆனால் பெரும் புயல் வீசியது 2017 டிசம்பரில். ஒவ்வோர் உறுதித்தொகைக்கும் 2.9 விழுக்காடும் 35 சென்டும் புரவலரே செலுத்த வேண்டும் என நிறுவனம் அறிவித்தது. கேட்பதற்குச் சிறு தொகை. ஆனால் ஒரு டாலர் தருபவர் இனி 1.38 டாலர் தர வேண்டும். பத்துக் கலைஞர்களுக்கு ஒவ்வொரு டாலராகத் தந்துவந்தவரின் சுமை ஏறத்தாழ நான்கு டாலர் கூடிவிடும். நூறு டாலர் தரும் செல்வருக்கோ இது உறைக்கவே உறைக்காது. தினையளவு தந்தவர்களே விலகத் தொடங்கினர். ஒரே வாரத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் போனவர் எல்லாரும் திரும்பிவிடவில்லை.

2024 ஆகஸ்டில் இன்னொரு செய்தி வந்தது. ஐபோன் செயலி வழியே சேரும் புதிய உறுப்பினர்களின் கட்டணத்தில் ஆப்பிள் நிறுவனம் 30 விழுக்காடு எடுத்துக்கொள்ளும் என்பதே அது. தளத்தின் பங்கைவிட, தளத்துக்குப் போகும் வாயிலில் நிற்பவரின் பங்கு பன்மடங்கு. அரண்மனை வாயிற்காவலனைப் பாடிய நம் பழம்புலவர்களுக்கு இது வியப்பளித்திராது. நம் நாட்டில் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதி, அட்டையிலிருந்து மாதந்தோறும் தானே செல்லும் தொகைக்குக் கூடுதல் ஒப்புதல் வேண்டும் என்றது. வாடிக்கையாளரைக் காக்க வந்த விதிதான், தவறில்லை. ஆனால் அயல்நாட்டுத் தளங்களுக்குச் சென்றுகொண்டிருந்த இந்தியச் சந்தாக்கள் பல அப்போது ஓசையின்றி நின்றுபோயின. நம் கலைஞர் மீது மனம் மாறி நிறுத்தியவர் எவர், வங்கி நிறுத்தியது எவருடையது என்று கலைஞருக்குத் தெரிய வழியில்லை.

பேண்ட்கேம்ப் கதையும் அருகில் வைத்துப் பார்க்கத்தக்கது. 2008இல் தொடங்கிய இந்த இசைத்தளம், கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று தன் பங்கை முற்றாக விட்டுக்கொடுத்தது. அன்று ஒரு நாளில் மட்டும் 43 லட்சம் டாலருக்கு விற்பனை நடந்தது. அதே தளம் 2022இல் ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கும் 2023இல் வேறொரு நிறுவனத்துக்கும் கைமாறியது. இரண்டாம் கைமாற்றத்தின்போது ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையிழந்தனர். பாட்டை ஏற்றிவைத்த எந்தக் கலைஞரையும் எவரும் கேட்கவில்லை.

எல்லாவற்றினும் கசப்பானது பிளெட்ஜ்மியூசிக். 2009இல் எழுந்த இந்நிறுவனம் ரசிகர்களிடம் முன்பணம் திரட்டிக் கலைஞர்களுக்குத் தந்துவந்தது. பின்னர் அத்தொகை உரியவர்க்குப் போய்ச் சேராமல் தடைபட்டது. 2019இல் லண்டன் நீதிமன்றத்தில் நிறுவனம் கலைக்கப்பட்டது. ரசிகர்கள் பணம் கட்டியாயிற்று, கலைஞர் கைக்கு அது வரவில்லை, இசைத்தட்டோ அனுப்பியாக வேண்டும். ரசிகர்க்குத் தெரிந்தது கலைஞரின் பெயர்தான். சிலர் தம் கைப்பணத்தில் தட்டுகளை அச்சிட்டு, அஞ்சல் செலவையும் தாமே ஏற்று, பட்டியலிலிருந்த ஒவ்வொரு முகவரிக்கும் அனுப்பிவைத்தார்கள்.