கட்டப்படாத விமானத்துக்காக ஒரு மாதிரி சொன்ன சாட்சி



விஞ்ஞானக் கண்காட்சி முடிந்ததும் பிள்ளைகள் செய்த மாதிரிகளை நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறோம். "விளையாட்டுச் சாமான்தானே" என்ற நினைப்பு எமக்கு. மைல்ஸ் எம்.52 என்ற விமானத்தின் கதையை வாசித்த பிறகு அப்படி நினைக்க மனம் வரவில்லை.

1943இல், இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, பிரித்தானிய அரசு மைல்ஸ் கம்பனியிடம் இரகசியமாக ஒரு வேலையைக் கொடுத்தது. மணிக்கு 1000 மைல் வேகத்தில், அதாவது ஒலியையும் முந்திப் பறக்கும் விமானமொன்றை வடிவமைக்க வேண்டும். அந்நாளில் ஒலியின் வேகத்தை நெருங்கிய விமானங்கள் குலுங்கிக் கட்டுப்பாட்டை இழந்தன. அது தாண்ட முடியாத சுவர் என்றே பலர் நம்பினார்கள்.

துப்பாக்கி ரவை ஒலியை முந்துகிறதே! மைல்ஸ் பொறியியலாளர்கள் அதே உருவத்தை எடுத்தார்கள். கூரான மூக்கு, மெல்லிய இறக்கை, முழுவதுமாக அசையும் வால் இறக்கை. அந்த வாலை ஸ்பிட்ஃபயர் விமானமொன்றில் பூட்டியும் சோதித்தார்கள்.

ஆனால் 1946 பெப்ரவரியில் அரசு திட்டத்தை நிறுத்தியது. செலவு ஒரு காரணம், விமானியின் உயிருக்கு ஆபத்து என்பது இன்னொன்று. விமானம் கட்டி முடிக்கப்படவே இல்லை.

அதன் பிறகுதான் மாதிரி வந்தது. விக்கர்ஸ் கம்பனியில் பான்ஸ் வொலிஸின் குழு, அதே வடிவத்தைப் பத்தில் மூன்று அளவில், விமானி இல்லாமல், ரொக்கெட் பூட்டிச் செய்தது. மொஸ்கிட்டோ விமானத்தின் அடியில் தொங்கவிட்டு, கடலுக்கு மேலே கொண்டுபோய் ஏவினார்கள். 1947 ஒக்டோபர் 8ஆம் திகதி ஏவியபோது ரொக்கெட் வெடித்தது. ஆறே நாளில், ஒக்டோபர் 14இல், அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியை முந்திவிட்டார். மைல்ஸின் ஆய்வு விபரங்கள் முன்பே அமெரிக்கர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அவை எவ்வளவு உதவின என்று இன்றும் வாதம் நடக்கிறது.

1948 ஒக்டோபரில் இன்னொரு மாதிரியை ஏவினார்கள். அது ஒலியைப் போல 1.38 மடங்கு வேகத்தில், தடுமாறாமல் நேராகப் பறந்தது. கடலில் இறங்கச் சொன்ன ரேடியோ கட்டளையையும் கேட்காமல் அத்திலாந்திக் பக்கம் போய் மறைந்தது!

வடிவம் சரி என்று மாதிரி சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு இரண்டரை வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டாயிற்று.

விமானியின் உயிரை நினைத்தது பிழையில்லை. ஆனால் மாதிரி யாருடைய உயிரையும் கேட்கவில்லையே. முதலில் மாதிரியைப் பறக்கவிட்டுப் பிறகு முடிவெடுத்திருக்கலாம்.

வகுப்பறையில் நாமும் இதைத்தான் செய்கிறோம். பிள்ளை வரைந்து காட்டியதுமே "இது சரிவராது மகன்" என்று சொல்லிவிடுகிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை "செய்து காட்டுங்க, பார்ப்போம்" என்று சொல்வோம்.