நீண்டகரை இறால் தொழிலில் பங்கு முறை

கேரளத்தின் கொல்லம் நகருக்கு வடக்கே, அட்டமுடிக் காயல் கடலோடு கலக்குமிடத்தில் நீண்டகரையும் சக்திகுளங்கரையும் அமைந்துள்ளன. இந்தியாவில் இயந்திரப் படகு கொண்டு இறால் பிடிப்பதைப் பிழைப்பாக்கிக்கொண்ட முன்னோடி ஊர்கள் இவை. இப்படகுகளில் உழைத்தோரின் வாழ்வு மாறிய விதத்தைப் பங்கு முறையின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் 1952இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக இந்திய-நார்வே திட்டம் 1953இல் இங்குத் தொடங்கப்பெற்றது. படகுகளுக்கு இயந்திரம் பொருத்துதல், குடிநீர், மருத்துவ வசதி ஆகியவை அதன் நோக்கங்கள். இறால் அதன் மையப் பொருளன்று. அக்காலத்தில் இறாலை உலர்த்திப் பர்மாவுக்கு அனுப்பினர். தென்னைக்கு உரமாக இட்டதும் உண்டு. எனினும் அதே 1953இல் கொச்சியிலிருந்து உறைநிலை இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது, ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் பெற்ற ஏற்றுமதியாளர் 7.50 ரூபாய் பெறலாயினர். இழுவை வலை பரவியதற்குத் திட்டத்தைவிட இவ்விலையே பெருங்காரணம் எனலாம்.

படகுத் தொழிலாளிக்கு மாதக்கூலி இல்லை. ஏலத்தொகையிலிருந்து டீசல், பனிக்கட்டி, உணவு, தரகு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதை உடைமையாளரும் தொழிலாளரும் பங்கிடுவர். தொழிலாளர் பங்கில் படகோட்டும் ஸ்ராங்குக்குக் கூடுதல் உண்டு. பாடு நன்றாக இருந்த நாளில் இம்முறை கூலியைவிட மேலானது. ஆனால் செலவு முதலில் கழிக்கப்படுவதால், டீசல் விலை ஏறும்போது படகில் உடைமையில்லாதவரும் அச்சுமையைத் தாங்குகின்றனர். படகுகள் பல நாள் கடலில் தங்கத் தொடங்கியபின் கழிவு மேலும் பெருகியது. இறால் மட்டும் போதாமல் கணவாயும் கிளிமீனும் வருவாய்க்குத் தேவையாயின. கன்னியாகுமரிக் கரையினரும், அண்மைக்காலத்தில் ஒடிசா, வங்கத் தொழிலாளரும் இப்படகுகளில் ஏறியதை இப்பின்னணியில் காணவேண்டும்.

நீண்டகரையில் மழைக்காலமே கரிக்காடி இறாலின் காலம். அதே காலத்தில் இழுவை வலை கடலடியைக் கலக்கி மீன்வளத்தை அழிக்கிறது என்று நாட்டுப்படகு மீனவர் 1980களில் போராடினர். பாபு பால் குழு, களவார் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என அடுத்தடுத்து ஆய்வுக்குழுக்கள் அமைந்தன. 1988இல் மழைக்காலத் தடை வந்தது. 2018இல் அது 52 நாளாக நீட்டிக்கப்பெற்றது. இரு தரப்பினரும் மீனவரே என்பதால் இதனை உடைமையாளர்-ஏழை மோதலாக மட்டும் சுருக்குவது பொருந்தாது. தடைக்காலத்தில் படகுத் தொழிலாளிக்குக் கிடைப்பது அரசின் இலவச அரிசி. பங்கு இல்லை, ஏனெனில் பங்கிட ஏலமே இல்லை.

கரையில் இறால் உரித்த பெண்களின் நிலையோ வேறு. அவர்தம் வாழ்வை லீலா குலாட்டி 1980களில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் தூய்மைக் குறைபாட்டைக் காரணங்காட்டி இந்தியக் கடலுணவைத் தடைசெய்தது. அதன்பின் உரிக்கும் பணி தனிக்கொட்டகைகளிலிருந்து ஆலை வளாகங்களை நோக்கி நகர்ந்தது. வீட்டருகே கொட்டகை இருந்தமையாலேயே வேலைக்குச் சென்ற பெண்களுக்கு அம்மாற்றம் எளிதாக இருக்கவில்லை. பங்கு முறையில் அவர்களுக்கு என்றுமே இடமிருந்ததில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

2019 மே மாதம் அமெரிக்கா, ஆமைகள் தப்பும் கருவி இழுவை வலைகளில் இல்லையென்று இந்தியக் கடல் இறாலுக்குத் தடைவிதித்தது. கருவி வழியே பிடித்ததும் நழுவும் என்பது படகு உடைமையாளரின் அச்சம். அத்தடை பண்ணை இறாலைத் தொடவில்லை. 2009இல் அனுமதி பெற்ற வன்னாமெய் இறால் ஆந்திரக் குளங்களிலிருந்து அதே அமெரிக்கச் சந்தைக்குத் தொடர்ந்து சென்றது. கரிக்காடியின் விலை இறங்கும்போது நீண்டகரைத் துறையில் ஏலத்தொகை குறைகிறது. டீசலும் பனிக்கட்டியும் தரகும் வழக்கம்போல் முதலில் கழிக்கப்படுகின்றன.