எம்.ஏ.எஸ். என்றால் என்னப்பா?

ஊருக்குப் போக தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். எட்டிப் பார்த்த என் பொண்ணு, "அப்பா, நாம சென்னைக்குத்தானே போறோம்? இதுல எம்.ஏ.எஸ்.னு போட்டிருக்கே?" என்றாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். மெட்ராஸ் என்ற பெயரே அவள் காதில் விழுந்ததில்லை. எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனது. 2019-ல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். பலகை மாறியது, அறிவிப்பு மாறியது; கோடு மட்டும் அதே எம்.ஏ.எஸ்.தான். திருச்சி இன்றைக்கும் டி.பி.ஜே., அதாவது டிரிச்சினாபோலி ஜங்ஷன். வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த பெயர் இன்னும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது :-)

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. 2018-ல் முகல்சராய் பெயர் மாறியபோது எம்.ஜி.எஸ். போய் டி.டி.யு. வந்தது. 2020-ல் அலகாபாத் பிரயாக்ராஜ் ஆனபோது ஏ.எல்.டி.யும் போய்விட்டது. பெயரோடு கோடும் மாறினால் அந்தக் கோடு இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். அந்த வலி எங்க பொட்டி தட்டுற கூட்டத்துக்கு நன்றாகவே தெரியும்.

சரி, எங்க கதைக்கு வருவோம். 1970-ல் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல் மொழியில், 'சிவப்பு, மஞ்சள், பச்சை' என்று ஒரு பட்டியலை எழுதி அதையே ஒரு டேட்டா டைப்பாக வைத்துக்கொள்ளலாம். எனுமரேஷன் என்பார்கள். உள்ளே அது வெறும் 0, 1, 2. பிறகு சி மொழிக்கும் வந்தது, 2004-ல் ஜாவாவுக்கும் வந்தது. எழுதுகிறவனுக்குச் சௌகரியம். ஆனால் திரையைப் பார்க்கிறவருக்கு '2' என்று காட்டினால் என்ன புரியும்? அதனால் 2005-ல் வெளியான ஜாங்கோவில் கோடும் அதற்கான லேபிளும் ஜோடியாக இருந்தன. ரெயில்ஸ் (இது வேற ரயில்!) 2008-ல் லேபிள்களை மொழிவாரியாகத் தனி ஃபைலில் வைக்க வழி செய்தது. 2014-ல் அதிலும் எனம் வந்தது.

அங்கேதான் நான் விழுந்தேன்.

அப்போது மருத்துவ இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் சம்பந்தமான ஒரு அப்ளிகேஷனில் வேலை. பட்டியல் இதுதான்: 0 பெறப்பட்டது, 1 ஏற்கப்பட்டது, 2 நிராகரிக்கப்பட்டது. நடுவில் 'பரிசீலனையில்' என்று ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். படிக்க வரிசையாக இருக்கட்டுமே என்று 'பெறப்பட்டது'க்கு அடுத்து சொருகினேன். டேட்டாபேஸில் எண்கள் மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது. 2 என்றால் இப்போது 'ஏற்கப்பட்டது'. நிராகரித்த க்ளெய்ம் எல்லாம் ஒரே நாளில் பாஸ்!

சாயங்காலம் ஒரு பெரியவர் போன் பண்ணினார். மனைவி ஆபரேஷனுக்கு வாங்கிய கடனை அடைத்துவிடுவதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம். பணம் எப்போது வரும் என்று கேட்டார். அவருக்கு உண்மையைச் சொன்னது நான்தான். "அப்போ ஸ்க்ரீன்ல போட்டிருந்தது பொய்யா தம்பி?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் நானே கையால் ஒரு எண் கொடுத்துவிடுவேன். புதுசாக வந்தால் கடைசி எண். திரையில் எந்த வரிசையில் காட்டுவது என்பது தனி விஷயம். லேபிளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், தமிழிலும் வைக்கலாம், இந்தியிலும் வைக்கலாம். ஆனால் ஒருமுறை கொடுத்த எண்ணுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

பொண்ணுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "அது நம்ம ஊரோட பழைய பேரும்மா, கம்ப்யூட்டர் மறக்காம வச்சிருக்கு" என்றேன்.

"அப்போ அப்பாவும் மெட்ராஸ்தானா?" என்றாள்.

ஆமாம், நானும் எம்.ஏ.எஸ்.தான்.