வெளியேற்றும் அதிகாரம் யாருக்கு? காமன்ஸ் சபையின் ஒழுங்கு நடவடிக்கைகள்: 1769 முதல் 2023 வரை

1769 ஏப்ரலில் நடந்த மிடில்செக்ஸ் தொகுதித் தேர்தலில் ஜான் வில்க்ஸ் 1,143 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற ஹென்றி லட்ரெலுக்குக் கிடைத்தவை 296. ஆனாலும் லட்ரெலே உறுப்பினர் என்று அறிவித்தது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை. மன்னரின் அரசைத் தாக்கி எழுதிச் சிறையில் இருந்த வில்க்ஸை அவை பிப்ரவரியிலேயே நீக்கியிருந்தது. தொகுதி மக்களோ மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஓர் உறுப்பினரைத் தண்டிப்பது அவையின் உள்விவகாரமா, வாக்காளரின் உரிமையா என்ற வழக்கு அங்கே தொடங்கியது. 1782இல் அவை தன் பழைய தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிக்கொண்டது.

பாடம் நிலைக்கவில்லை. 1880இல் நார்தாம்ப்டனில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, கடவுளின் பெயரால் பிரமாணம் எடுப்பதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். அவை மறுத்தது. பிறகு பிரமாணமே எடுக்க முன்வந்தபோதும் ஏற்கவில்லை. வெளியேற மறுத்தவரை ஜூன் மாதம் நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்து வைத்தார்கள். 1882 பிப்ரவரியில் அவர் விறுவிறுவென்று மேசையருகே போய், கையோடு கொண்டுவந்த புதிய ஏற்பாட்டை எடுத்துத் தனக்குத்தானே பிரமாணம் செய்துகொண்டார். மறுநாளே அவை அவரை நீக்கியது. நார்தாம்ப்டன் திரும்பவும் அவரையே அனுப்பியது. 1886இல்தான் அவரால் முறைப்படி அமர முடிந்தது.

அதே காலத்தில் அயர்லாந்து உறுப்பினர்கள் விடாமல் பேசி அவையை முடக்கினார்கள். 1881இல் ஓர் அமர்வு 41 மணி நேரத்தைத் தாண்டியது. சபாநாயகர் பிராண்ட் தாமே விவாதத்தை முடித்து வைத்தார்; அடுத்த நாள் 36 அயர்லாந்து உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பெயர் சொல்லி வெளியே அனுப்பும் விதி அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நீக்கம் அரிதாகிவிட்டது. மோசடிக் கையெழுத்துக்காகச் சிறை சென்ற பீட்டர் பேக்கர் 1954இல் நீக்கப்பட்டதே கடைசி.

அவைக்கும் வாக்காளருக்கும் இடையிலான சமநிலையை மாற்றியது பணம். கேள்வி கேட்கக் காசு வாங்கிய விவகாரம் 1994இல் வெடித்ததன் விளைவாக, உறுப்பினர் ஒழுக்கத்தை விசாரிக்கத் தனி ஆணையர் பதவி உருவானது. 2009இல் செலவுப்படி முறைகேடுகள் அம்பலமாயின. அந்தக் கொதிப்பின் தொடர்ச்சியே 2015ஆம் ஆண்டின் திரும்ப அழைக்கும் சட்டம். அவை கூடும் நாள்களில் குறைந்தது 10 நாள் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டால், தொகுதியில் மனு திறக்கப்படும். ஆறு வாரத்துக்குள் 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்திட்டால் இடைத்தேர்தல். 2018இல் இயன் பெய்ஸ்லி 9.4 சதவீதத்தில் தப்பினார். 2023இல் மார்கரெட் ஃபெரியர் பதவி இழந்தார்.

கட்சி அதிகாரம் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனங்களிடம் பணம் பெற்று அவற்றுக்காகப் பரிந்து பேசிய ஓவன் பேட்டர்சனுக்கு 2021இல் 30 நாள் இடைநீக்கம் பரிந்துரைக்கப்பட்டது. அப்போது ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி கொறடா உத்தரவு போட்டு, 250க்கு 232 என்ற கணக்கில் அதைத் தடுத்தது. கண்டனம் கிளம்பியதும் மறுநாளே பின்வாங்கியது. பேட்டர்சன் பதவி விலகினார். இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியை லிபரல் டெமாக்ரட் கட்சி பறித்தது.

2023 ஜூனில் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சன், அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று தமக்கு எதிராக நடந்த விசாரணையின் முடிவை முன்கூட்டியே அறிந்து பதவியைத் துறந்தார். அவர் நீடித்திருந்தால் 90 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்திருப்போம் என்றது விசாரித்த அவைக் குழு. அறிக்கையை அவை 354க்கு 7 என ஏற்றது.

ஆக, கடைசிச் சொல் வாக்காளருக்கு வந்திருக்கிறது. ஆனால் மனுவுக்கு வழி திறக்கும் தண்டனையை விதிப்பது பெரும்பாலும் அவையே. 9 நாள் என்றால் சம்பள இழப்போடு போகும், 10 நாள் என்றால் பதவியே ஆட்டம் காணும். அதனால் சர்ச்சை இப்போது தண்டனையைப் பரிந்துரைக்கும் குழுவின் அறைக்குள், நாள் கணக்கின் மீதே நடக்கிறது.