நாய்க்குக் காப்புறுதி வேண்டுமா?

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் அச்சொல் அப்பொருளிலேயே நிற்கிறது. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் சொல், கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்னும் சொல்லினின்று பிறந்ததேயாகும். விலங்கே செல்வமாக இருந்த வாழ்வில் விலங்கின் சாவு குடும்பத்தின் வறுமையாயிற்று. அவ்வறுமையைத் தடுக்கத் தோன்றியதே விலங்குக் காப்புறுதி.

இன்றோ உழாத, பால் கறக்காத, வண்டி இழுக்காத நாய்க்கும் பூனைக்கும் காப்புறுதிப் பத்திரங்கள் விற்கப்படுகின்றன. "கட்டும் பணம் திரும்பி வருமா?" என்பதே வாங்குவோர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி. இக்காப்புறுதி முதலில் எதைக் காக்கத் தோன்றியது, பின்னர் எதைக் காக்க மாறியது என்பதை வரலாற்றில் தேடிப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது புலனாகும்.

ஊரார் சேர்த்த காப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் பசுச் சங்கங்கள் பல இருந்தன. ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைத்த ஏழைத் தொழிலாளர் அச்சங்கங்களில் சிறு தொகை கட்டி வந்தனர். ஒருவருடைய பசு இறந்தால், வேறு பசு வாங்குவதற்குப் பொதுப் பணத்திலிருந்து உதவி கிடைத்தது. எவருடைய பசு எந்நிலையில் உள்ளது என்பது ஊருக்கே தெரியும். ஆகையால் பொய்க் கணக்குக்கு இடம் குறைவு.

ஆயினும் இவ்வேற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. பத்துப் பேரில் ஒருவருக்கு வரும் இழப்பை மற்ற ஒன்பதின்மர் தாங்கலாம். பதின்மருக்கும் ஒரே வேளையில் இழப்பு வருமாயின் தாங்குவார் யார்? 1865ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பால்டிக் கடற்கரையில் உள்ள ரேவல் துறைமுகத்திலிருந்து (இன்றைய தால்லின்) மாடுகளை ஏற்றிய கப்பலொன்று இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தை அடைந்தது. அதனுடன் வந்த வெக்கை நோய் இலண்டன் சந்தை வழியாக நாடெங்கும் பரவிற்று. இத்தகைய பெருங்கேட்டின்முன் ஊர்ச் சங்கத்தின் உண்டியல் எம்மாத்திரம்? 1866ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, நோயுற்ற மாடுகளைக் கொல்லச் செய்து, அவற்றின் விலையில் பாதி வரை இழப்பீடு வழங்க வழி செய்தது. மறு ஆண்டில் நோய் ஒழிந்தது.

பசுச் சங்கமாயினும் அரசின் இழப்பீடாயினும் அளவுகோல் ஒன்றே: விலங்கின் விலை. நூறு வெள்ளி பெறும் மாட்டுக்கு இருநூறு வெள்ளி செலவிட்டு மருத்துவம் பார்ப்பவர் இலர். காப்பின் உச்சி விலையோடு நின்றது.

ஒரு வணிகனின் கணக்கு

காப்புறுதி வாங்குவது எவருக்கு நன்மை என்னும் வினாவுக்குக் கணித வழியில் விடை தேடியவர் டேனியல் பெர்னூலி என்னும் அறிஞர். 1738ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தின் வெளியீட்டில் வந்த அவருடைய கட்டுரையில் ஒரு வணிகனைக் காண்கிறோம். அவன் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியுள்ளான்; பீட்டர்ஸ்பர்க்கில் அதன் விலை 10,000 ரூபிள். அப்பருவத்தில் புறப்படும் 100 கப்பல்களில் 5 மூழ்குவது வழக்கம். காப்புறுதிக்குக் கேட்கப்படும் கட்டணமோ 800 ரூபிள்.

சராசரிக் கணக்குப்படி அவனுக்கு வரக்கூடிய இழப்பு 500 ரூபிளே. அவ்வாறாயின் 300 ரூபிள் மிகுதியாகக் கொடுப்பது மடமை அன்றோ? அன்று என்கிறார் பெர்னூலி. சரக்கு நீங்கலாக அவனிடம் எவ்வளவு செல்வம் உண்டு என்பதையே அவர் கேட்கிறார். 5,043 ரூபிளுக்குக் குறைவாயின் காப்புறுதி வாங்குவதே அறிவுடைமை. அதற்கு மேலாயின் வாங்காது விடலாம் என்பது அவர் கண்ட முடிவு. அதே கட்டணத்துக்கு அவ்விடரை ஏற்க முன்வருபவனிடமோ குறைந்தது 14,243 ரூபிள் இருத்தல் வேண்டும்.

ஒரே சரக்கு, ஒரே கடல், ஒரே கட்டணம். எனினும் ஒருவனுக்குத் தகுவது மற்றவனுக்குத் தகாது. இழக்கும் ரூபிள் ஒவ்வொன்றும் செல்வனைவிட வறியவனை மிகுதியாக வருத்தும் என்பதே இதன் அடிப்படை. காப்புறுதி ஆதாயத்துக்குரிய வாணிகம் அன்று. தாங்க முடியாத ஓர் இழப்பை, தாங்கக் கூடிய சிறு இழப்பாக மாற்றிக்கொள்ளும் வழி.

விலையிலிருந்து மருத்துவத்துக்கு

சுவீடனில் 1890ஆம் ஆண்டில் கால்நடைக் காப்புறுதி நிறுவனமொன்று தோன்றிற்று. 1924ஆம் ஆண்டில் அந்நாட்டில் நாய்க்கும் காப்புறுதி கிடைத்தது. இங்கிலாந்தில் இது 1947ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று சுவீடனில் பெரும்பாலான நாய்கள் காப்புறுதி பெற்றவை. அமெரிக்காவிலோ சிறு பகுதியே.

இதற்கிடையில் விலங்கு மருத்துவமும் மாறிற்று. 1761ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் ஆணையால் லியோன் நகரில் நிறுவப்பட்ட முதல் விலங்கு மருத்துவப் பள்ளி, மாடுகளையும் குதிரைகளையும் மனத்திற் கொண்டு தோன்றியதே. மோட்டார் வண்டி குதிரையை வீதியினின்று விலக்கிய பின்னர், நகர மருத்துவர் வீட்டு நாயையும் பூனையையும் நாடினர். எக்ஸ்ரே வந்தது; அறுவை மருத்துவம் வளர்ந்தது; புற்றுநோய்க்கும் மருந்து கிடைத்தது. விலையே இல்லாத தெருநாயின் முறிந்த காலைப் பொருத்தவும் பெருந்தொகை செலவாகும் காலம் வந்தது. மாட்டின் செலவுக்கு அதன் விலை எல்லை வகுத்தது. நாயின் செலவுக்கு எல்லை வகுப்பது வளர்ப்பவரின் பணப்பையே.

இதன் கொடுமையை அமெரிக்க விலங்கு மருத்துவர் ஜாக் ஸ்டீபன்ஸ் கூறியுள்ள நிகழ்ச்சி காட்டும். செலவைத் தாங்க இயலாத குடும்பமொன்றின் வேண்டுகோளின்படி, அவர்களுடைய நோயுற்ற நாயை அவர் ஊசியிட்டு உயிர் நீக்கினார். பின்னொரு நாள் கடையில் அவரைக் கண்ட அவ்வீட்டுச் சிறுமி, தன் நாயைக் கொன்றவர் இவரே என்று தாயிடம் சுட்டிக் காட்டினாள். அவர் தலைமையில் 1980ஆம் ஆண்டில் மருத்துவர் பலர் கூடிக் காப்புறுதி நிறுவனம் ஒன்றை அமைத்தனர். 1982ஆம் ஆண்டில் அதன் முதல் பத்திரம், 'லாஸி' என்னும் பெயரில் நடித்த புகழ்பெற்ற நாய்க்கு வழங்கப்பட்டது.

இக்காப்புறுதி ஈடு செய்வது விலங்கின் விலையை அன்று, மருத்துவச் செலவை. பணம் இல்லை என்பதற்காகவே குணப்படுத்தக் கூடிய உயிரைக் கொல்ல நேரும் நிலையை அது விலக்க முயல்கிறது.

எவருக்குத் தேவை?

பெர்னூலியின் அளவுகோலை இங்கு வைத்துப் பார்க்கலாம். பெரிய அறுவை மருத்துவச் செலவொன்று திடீரென வந்தால், சேமிப்பிலிருந்து கொடுத்துவிட்டு வழக்கம்போல் வாழக் கூடியவருக்குக் காப்புறுதி இன்றியமையாதது அன்று. அவர் ஆண்டுக் கட்டணத்தைத் தாமே சேர்த்து வரலாம். சராசரியாகப் பார்த்தால் அவருக்கு மிச்சமே. ஏனெனில் நிறுவனத்தின் அலுவலகச் செலவும் ஆதாயமும் கட்டணத்திலேயே அடங்கியுள்ளன. ஆனால் அச்செலவு வந்தால் கடன்படவோ விலங்கை இழக்கவோ நேரும் எனில், அவருக்கே காப்புறுதி பொருளுடையது. சிறுகச் சேர்க்கலாம் என்று அவர் எண்ணினாலும், மூன்றாம் மாதத்தில் வரும் நோய் உண்டியல் நிறையும் வரை காத்திராது.

பத்திரத்தின் சொற்களையும் ஆய்தல் வேண்டும். முன்னரே உள்ள நோய்க்குப் பணம் தருவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் மறுக்கும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஆகவே இளமையில் எடுப்பதே பயன் தரும். நோய் கண்டபின் தேடுவது வெள்ளம் வந்தபின் அணை கோலுவதாகும். ஒரு நோய்க்கு ஓராண்டு மட்டும் தரும் பத்திரமும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வரை அதே நோய்க்குத் தொடர்ந்து தரும் பத்திரமும் வேறு வேறு. நீரிழிவு போன்ற நெடுநோயில் இவ்வேறுபாடு உயிருக்கே வேறுபாடாகலாம்.

சிறு செலவுகளுக்குக் காப்புத் தேடுவது வீண். கட்டணம் சராசரி இழப்பினும் மிகுதியாக உள்ளபோது, முதற் பகுதிச் செலவை வாங்குபவரே ஏற்று, அதற்கு மேற்பட்டதைக் காப்புறுதியிடம் விடுவதே சிறந்த முறை என்பதை 1963ஆம் ஆண்டில் கென்னத் ஆரோ என்னும் பொருளியல் அறிஞர் மருத்துவக் காப்புறுதி பற்றிய கட்டுரையில் நிறுவினார். தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் கைப்பணம் போதும். முறிந்த எலும்புக்கும் கட்டிக்கும் பத்திரம் உதவட்டும்.

ஆண்டு முழுதும் கட்டணம் கட்டியும் நாய்க்கு நோய் வராவிடில் பணம் வீணாயிற்று என்று வருந்துவோர் உளர். பெர்னூலியின் வணிகனுடைய கப்பல் கரை சேர்ந்தால் அவனுடைய 800 ரூபிளும் திரும்பி வருவதில்லை. கப்பல் கரை சேர்ந்ததற்காக எந்த வணிகனும் அழுததில்லை.