சுவர் மறைக்கும் முன்னே

புது வீடு புகும் நாளில் நாம் எதைப் பார்க்கிறோம்? அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிறோம். சுவரின் வண்ணத்தையும் தரையின் பளபளப்பையும் பார்க்கிறோம். "வீடு நல்லா இருக்குதுங்க மாமா" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். அந்த வீட்டைத் தாங்கி நிற்கும் தூணையும் உத்தரத்தையும் அவற்றுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியையும் யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்னரே, வீடு வெறும் எலும்புக்கூடாக நிற்கும்போது போயிருக்க வேண்டும். அப்படிப் போய்ப் பார்ப்பது யாருடைய வேலை, யாருடைய உரிமை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து மக்களாகிய நமக்கும் அந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய ஈராக் நாட்டில் இருந்த பாபிலோன் நகரை ஹமுராபி என்னும் மன்னன் ஆண்டான். அவன் கல்லில் பொறித்து வைத்த சட்டங்களில் வீடு கட்டுவோரைப் பற்றியும் சில விதிகள் உண்டு. ஒருவன் கட்டிக் கொடுத்த வீடு உறுதியில்லாமல் விழுந்து வீட்டுக்காரன் இறந்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை. சுவர் சாய்ந்து நின்றால், கட்டியவன் தன் சொந்தச் செலவில் அதைச் சீர் செய்து தர வேண்டும். கடுமையான சட்டந்தான். ஆனால், கட்டும்போதே நின்று பார்க்க வேண்டியவர் யார் என்பதை இந்த விதிகள் சொல்லவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாய்க் கம்பத்தில் பழைய மர வீடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நடும் தலைமைத் தூணுக்குத் 'தியாங் செரி' என்று பெயர். சடங்கு செய்து, துணி கட்டி அதை நிறுத்துவார்கள். தூணில் துளையிட்டு, விட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி அதில் செருகி, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். ஆணிக்கு அங்கே வேலையில்லை. அதனாலேயே, தேவைப்பட்டால் வீட்டைக் கழற்றி வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தவும் முடிந்தது. தூண்களை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துவது வழக்கம். ஈரமும் கரையானும் எளிதில் ஏறா. செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். எல்லாவற்றையும்விட நாம் கவனிக்க வேண்டியது, அந்த வீட்டின் தாங்குசட்டம் வெளியே தெரியும்படி இருந்ததே. குனிந்து வீட்டின் அடியில் நுழைந்தால் எந்தத் தூண் உளுத்திருக்கிறது என்று சிறுவனும் சொல்லிவிடுவான்.

நகரங்களில் கதை வேறு. 1881ஆம் ஆண்டு சனவரியில் கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. மரமும் அத்தாப்பும் வேய்ந்த ஊர் அழிந்தது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திருப்பிக் கட்டச் செய்தார். அந்தச் செங்கல்லைச் சுட்ட இடத்தைத்தான் இன்றும் பிரிக்பீல்ட்ஸ் என்கிறோம். தீப்பயம் குறைந்தது. ஆனால் செங்கல்லும் பூச்சும் வந்தபின், உள்ளே இருப்பது கண்ணுக்கு மறைந்தது. கட்டியவர் சொல்லை நம்புவதைத் தவிர, குடியிருப்பவருக்கு வழி குறைந்தது.

நம் லயத்து வீடுகளோ இந்த இரண்டிலும் சேரா. நீண்ட ஒரே கூரை, அதன்கீழ் வரிசையாக அறைகள். பழைய லயங்களில் பல, மரத் தூண்களின்மேல் உயர்ந்து நின்ற பலகை வீடுகள். அடியில் விறகும் கோழியும், வெயில் நேரத்தில் பிள்ளைகளும் இருப்பார்கள். தூண் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதைப்பற்றிப் பேச நமக்கு வாயில்லை. கட்டச் சொல்பவர் துரை. கட்டுபவர் குத்தகையாளர். கணக்கு எழுதுபவர் கிராணி. குடியிருப்பவர் நாம். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், "ஐயா, இந்த விட்டம் இறங்கியிருக்கிறது" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 1923இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. அதிகாரிகள் வந்து பார்வையிட்டார்கள். நாடு விடுதலை பெற்றபின், 1966இல் தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் மற்றொன்று வந்தது. இவையெல்லாம் நல்லவையே. எனினும், பார்த்தவர் அதிகாரி, பார்க்கப்பட்டவர் நாம்.

இங்கே இடையில் ஒரு செய்தி. நாம் பால் வெட்டிய மரமே நம் வீட்டுத் தூணாக ஏன் ஆகவில்லை என்று மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. வெட்டிய ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் தின்றுவிடும். மருந்தேற்றிப் பக்குவப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகே அது நாற்காலியும் மேசையுமாக வெளிநாட்டுக்குப் போனது. அதற்கு முன்னர் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போனது.

மறைந்திருக்கும் தூண் என்ன செய்யும் என்பதைச் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் உலகம் கண்டது. அங்கே 1971இல் கட்டிய ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் நியூ வோர்ல்ட் ஓட்டல் இருந்தது. கீழே ஒரு வங்கி. 1986 மார்ச் 15ஆம் நாள், சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் குப்பையாகக் குவிந்தது. 33 பேர் மாண்டனர். அப்போது ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்களும் இறங்கி, இடிபாடுகளுக்குள் துளையிட்டு உதவினர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

காரணம் என்ன? விசாரணைக் குழு தேடிக் கண்டது இது. கட்டடத்தைத் திட்டமிட்டபோது உள்ளே வரும் ஆட்களின் எடையும் பொருள்களின் எடையும் கணக்கில் சேர்ந்தன. கட்டடத்தின் சொந்த எடை கணக்கில் சேரவில்லை! பால் வாளியைத் தூக்கும்போது பாலின் எடையைமட்டும் கணக்கிட்டு, வாளியின் எடையை விட்டுவிட்டது போன்றது இது. நம் வாளி இலேசானது. கட்டடத்திலோ வாளிதான் பாலைவிடக் கனம். கட்டி முடித்தபின் மேலும் பல சுமைகள் ஏறின. தூண்கள் பதினைந்து ஆண்டுகள் பொறுத்தன. முன்னதாகவே தூண்களில் வெடிப்புகள் தோன்றியும் அவற்றின் பொருள் யாருக்கும் புரியவில்லை.

அதன்பின், 1989இல் சிங்கப்பூர் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. ஒரு பொறியியலாளர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியியலாளர் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதல்ல. தான் எழுதிய கணக்கில் தன் பிழை தனக்குத் தெரியாது. பக்கத்துப் பையனுக்கு உடனே தெரியும்.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும், 1984இல் வந்த ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளும் இதைக் கவனிக்கின்றன. 2007 ஏப்ரல் 12 முதல், குடிபுகுவதற்கான சான்றிதழை ஊராட்சி மன்றத்திற்குப் பதிலாகத் திட்டத்திற்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ வழங்குகின்றார். அதற்கு முன் 21 படிவங்கள் நிறைவாக வேண்டும். அடித்தளத்திற்கு ஒன்று, தூணும் உத்தரமுமான தாங்குசட்டத்திற்கு ஒன்று என்று ஒவ்வொரு கட்டத்திற்கும் உரியவர் கையொப்பம் இட வேண்டும். வீடமைப்பு நிறுவனத்திடம் தரைவீடு வாங்குவோர் பணத்தைத் தவணையாகக் கட்டுகிறார்கள் அல்லவா? தாங்குசட்டம் முடிந்தது என்று சான்று வந்ததும் கட்ட வேண்டியது விலையில் 15 விழுக்காடு. 42,000 வெள்ளி வீடென்றால் 6,300 வெள்ளி. அந்தத் தொகைக்கு ஈடாக நிற்பது அந்த எலும்புக்கூடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, பக்கத்துப் பட்டணத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார். முப்பது ஆண்டுகளுக்குமேல் பால் வெட்டியவர். தாம் வாங்கும் வீடு வளர்வதைப் பார்க்க அவருக்கு ஆசை. வாங்குபவர் நினைத்த நேரத்தில் உள்ளே போக இயலாது. அனுமதி கேட்டு, தலைக்கவசம் அணிந்து, மகனின் மோட்டார் சைக்கிளில் அவர் போய்வந்தார். ஒருமுறை நம்மையும் அழைத்துப் போனார்.

அச்சுப் பலகையை அப்போதுதான் கழற்றியிருந்தார்கள். முன்புறத் தூண்கள் இரண்டில், அடிப்பகுதியில் தேன்கூடுபோல் ஓட்டைகள். கல் தனியாக, காரை தனியாக. ஓரிடத்தில் கம்பியே வெளியே தெரிந்தது. கான்கிரீட்டை ஊற்றும்போது நன்றாகக் குத்தி இறுக்காவிட்டால் இப்படி ஆகும். கம்பியைச் சுற்றிப் போதிய கனத்துக்குக் கான்கிரீட்டு இல்லையென்றால், நம் ஈரக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்துத் தூணை உள்ளிருந்தே பிளக்கும். பெரியவருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஆனால் பட்டை கெட்ட மரத்தை அறிந்த கண் அது.

"பூசிட்டா ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர்.

"அதுக்குத்தான் தம்பி, இப்பவே கேக்குறேன்" என்றார் பெரியவர்.

அன்றிரவு நிறுவனத்திற்கு மலாய் மொழியில் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. படம் பிடித்து வைத்து, இரண்டாவது கடிதத்தில் அதையும் சேர்த்து, பொறியியலாளருக்கும் ஒரு படி அனுப்பினோம். அவர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தட்டிய இடம் உதிர்ந்தது. மேலே முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதிதாக வார்க்கச் சொன்னார். அந்த வரிசையில் மற்ற வீடுகளின் தூண்களையும் சோதித்தார். மேலும் ஒரு வீட்டில் அதே குறை இருந்தது. அந்த வீட்டுக்காரர் அதுவரை ஒருமுறையும் வந்து பார்த்ததில்லை.

பெரியவரின் மகனுக்குக் கோபம். வேலை மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. "பேசாம இருந்திருக்கலாம்ப்பா" என்று நம் எதிரிலேயே சொன்னார். பெரியவர் பதில் பேசவில்லை. மூன்று வாரத் தவணை கேட்டுத் தோட்ட நிர்வாகத்திற்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் நாமே எழுதினோம். தவணை கிடைத்தது.