மலை ரயிலும் முதல் போட்டவர்களும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலுக்கு லவ்டேல், ஏறக்குறைய கடைசி நிறுத்தம். சினிமாக்காரர்கள் ஆசையோடு தேடிவந்த இந்த ரயிலே, போட்ட பணம் கையைக் கடித்துப் பிறந்ததுதான். 1891-ல் வேலையைத் தொடங்கிய கம்பெனி, பாதை முடியும் முன்பே நொடித்துப்போனது. அடுத்து வந்த கம்பெனிதான் 1899-ல் குன்னூர் வரை ரயிலை ஏற்றியது. அது லவ்டேலைக் கடந்து உதகையை எட்டியது 1908-ல். பாறையைக் குடைந்த செலவு ஒருவர் தலையில், பலன் இன்னொருவர் கையில். பெரிய பட்ஜெட் படங்களிலும் பல சமயம் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

லவ்டேலுக்குக் கீழே நான்கு கிலோமீட்டரில் கேத்தி. 1982-ல் வெளியான 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சியைப் பாலுமகேந்திரா அங்கேதான் எடுத்தார். ஒரு சின்ன ஸ்டேஷன், மழை, ரயிலுக்குள் ஸ்ரீதேவி, வெளியே தன்னை நினைவூட்டத் தவிக்கும் கமல்ஹாசன். வேறென்ன வேண்டும்? படம் பல மாதங்கள் ஓடியது. கமலுக்குச் சிறந்த நடிகர், பாலுமகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என இரண்டு தேசிய விருதுகள். மறுவருடம் அதே இயக்குநர், அதே ஜோடியை வைத்து, பலமடங்கு பெரிய சந்தைக்காக இந்தியில் 'சத்மா' எடுத்தார். தமிழில் ஓடியதுபோல் அது ஓடவில்லை. அதன் மதிப்பை ஊர் உணர்ந்தது பிற்பாடுதான்.

பதினான்கு வருடம் படமே எடுக்காமல் இருந்த இயக்குநர் டேவிட் லீன், 'எ பாசேஜ் டு இந்தியா'வுக்காக இதே ரயிலைத் தேடிவந்தார். கதையில் மராபர் குகைகளுக்குப் போகும் ரயில் நம் மலை ரயில். குகைப் பாறைகளோ பெங்களூருக்குப் பக்கத்தில். செலவு சுமார் 1.6 கோடி டாலர். 1984-ல் வெளியாகி அமெரிக்காவில் மட்டும் 2.7 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. தியேட்டர் பங்கு, விளம்பரம் எல்லாம் போனால் மிச்சம் அவ்வளவு பெரிதல்ல. ஆனால் ஆஸ்கர் பரிந்துரைகள் பதினொன்று, விருதுகள் இரண்டு. இத்தனைக்கும் பிறகு லீன் இன்னொரு படம் எடுக்கவில்லை. 'நோஸ்ட்ரோமோ'வுக்காக வருடக்கணக்கில் உழைத்து, படப்பிடிப்பு தொடங்கும் முன்பே 1991-ல் காலமானார்.

1998-ல் மணிரத்னத்தின் 'தில் சே'. ஓடும் இதே மலை ரயிலின் கூரைமேல் ஷாருக்கானும் மலைக்கா அரோராவும் ஆட, சந்தோஷ் சிவன் படம்பிடித்தார். செட் இல்லை, பின்திரை ஜாலம் இல்லை. நான்கைந்து நாளில் பாட்டு முடிந்தது. கோடி கொட்டிப் போட்ட எத்தனையோ அரங்கப் பாடல்களை நாம் மறந்துவிட்டோம், இதை மறக்கவில்லை. ஆனால் 'உயிரே' என்று தமிழிலும் வந்த அந்தப் படம் இந்தியாவில் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பிரிட்டனில் வசூல் வரிசையின் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் படம் அதுதான். பாட்டு அதையும் தாண்டிப் பயணப்பட்டது: 2002-ல் லண்டன் மேடையில் 'பாம்பே ட்ரீம்ஸ்', 2006-ல் ஸ்பைக் லீயின் 'இன்சைட் மேன்'. இசையமைத்த ரஹ்மானுக்கு அது உலக வாசலைத் திறந்தது. அந்த ஆதாயம் எந்த விநியோகஸ்தரின் நஷ்டக் கணக்கிலும் வரவாகவில்லை.

'தில் சே'யின் மூன்று தயாரிப்பாளர்களில் மணிரத்னமும் ஒருவர். இயக்குநராகக் கிடைத்த பெயரும் தயாரிப்பாளராக விழுந்த அடியும் ஒரே ஆளுக்கு. இரண்டு வருடம் கழித்து அவர் மாதவன் என்ற புதுமுகத்தை வைத்து, சென்னையின் மின்சார ரயிலில் காதல் பூக்கும் 'அலைபாயுதே'யை எடுத்தார். அது ஓடியது.